கொழுப்புக்கட்டியைக் காக்கா, மைனாவிடமிருந்து காப்பது எப்படி? மலையக வீட்டுத்தோட்டத்துக்கான முழு வழிகாட்டி

பட்டாணிக்குருவிக்குத் தீனியாக, மாட்டுக் கொழுப்பை அல்லது ஆட்டுக் கொழுப்பை உருக்கி உறையவைத்துத் தொங்கவிட்ட கட்டியை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அண்டங்காக்காதான். ஒரு கட்டியை முழுதாகவே தூக்கிக்கொண்டு போய்விடும். சிந்திய தூளைப் பொறுக்க மைனாக்கள் இறங்கும். அதன்பிறகு சின்னக் குருவிகள் வேலிப்பக்கம்கூட வருவதில்லை. கைதட்டுவது, பழைய சீடி தட்டைக் கட்டுவது, கறுப்புத் துணியில் பொம்மைக் காக்கா செய்து தொங்கவிடுவது எல்லாம் சில நாட்களுக்குப் பலன் தரும். ஆபத்தில்லை என்று தெரிந்ததும் காக்கா அந்தப் பொம்மைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தின்னும். காக்காவைப் பயமுறுத்தி நிறுத்த முடியாது, எட்டாமல் செய்துதான் நிறுத்த முடியும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு வேலையைப் பற்றியதுதான்.

அதற்குத் தெரிய வேண்டியது பறவைகளின் உடலமைப்பு. பட்டாணிக்குருவி ஏறக்குறைய 13 செ.மீ. நீளம், எடை 20 கிராமுக்கும் குறைவு. கிளையின் அடிப்பக்கத்தில் தலைகீழாகத் தொங்கிப் புழு தேடுவது அதன் அன்றாடத் தொழில். வெள்ளைக்கண்ணியும் அப்படியே. மைனா 23 முதல் 25 செ.மீ. வரை, எடை 100 கிராமுக்கு மேல், தரையில் நடந்து இரை தேடும் கால்கள். அண்டங்காக்காவின் அலகு மட்டுமே 6 செ.மீ. அளவு வரும். தலைகீழாகத் தொங்க முடியுமா, கம்பிவலையின் சின்னக் கண்ணிக்குள் நுழைய முடியுமா என்ற இரண்டு கேள்விகளிலும் நமக்கு வேண்டியவை தேறும், வேண்டாதவை தோற்கும்.

உங்கள் ஊருக்குக் கொழுப்பு ஏற்றதா?

கொழுப்பு வைக்கும் பழக்கம் பனி கொட்டும் நாடுகளுடையது. அங்கே குளிர்காலத்தில் பூச்சி கிடைக்காமல் குருவிகள் வாடும். இலங்கை மலையகத்தில் நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. தோட்டத்தில் மருந்தடிக்காத செடிகள் இருந்தால் வருடம் முழுவதும் புழு பூச்சி உண்டு. ஆகவே இது பக்க உணவு மட்டும்தான். ஒரு வாரம் வைக்காமல் விட்டாலும் எந்தக் குருவியும் பட்டினி கிடக்காது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். காக்கா தொல்லை கூடும்போது தயங்காமல் இறக்கிவைக்க இது உதவும்.

நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவு. அங்கே நன்றாக உருக்கி வடித்த கொழுப்பு நிழலில் கல்லாக நிற்கும். ஹட்டன், அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் நிழலும் காற்றும் இருந்தால் போதும். பதுளை, கண்டி போன்ற தாழ்ந்த இடங்களில் வேண்டாம். மாட்டுக் கொழுப்பு உருக 40 பாகைக்கு மேல் வேண்டும் என்பது சரிதான், ஆனால் மத்தியான வெயில் படும் தகரக் கூரைக்கடியில் அதற்கு முன்பே அது இளகிவிடும். இளகிய கொழுப்பு குருவியின் நெஞ்சு இறகில் ஒட்டும். இறகு தண்ணீரைத் தள்ளும் தன்மையை இழக்கும். முட்டை மேல் உட்காரும் தாய்க்குருவியானால் அந்தப் பிசுக்கு முட்டையிலும் படியும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழும் கட்டியை அன்றே இறக்கிவிட வேண்டும்.

தாழ்ந்த இடங்களுக்கும், வீட்டில் இறைச்சிக் கொழுப்பைச் சேர்க்காதவர்களுக்கும் பாதித் தேங்காய் நல்ல மாற்று. சிரட்டையோடு இரண்டாக உடைத்த புதுத் தேங்காயின் பாதியை, பருப்பு கீழே பார்க்கும்படி கவிழ்த்துத் தொங்கவிட்டால் பட்டாணிக்குருவி அடியில் தொங்கிக்கொண்டு கொத்தும். உலர்ந்த தேங்காய்த்துருவல் மட்டும் கூடாது, வயிற்றில் ஊறிப் பெருக்கும். தேங்காயெண்ணெயை உறையவைத்துக் கட்டியாக வைக்கும் யோசனையும் சரிவராது. 24 பாகையில் அது உருகிவிடும்.

கூண்டுக்கு முன்னால் முற்றம்

காக்கா உங்கள் கொழுப்புக்காக முதன்முதலில் வரவில்லை. சோற்றுப் பானை கழுவி ஊற்றும் இடம், நாயின் தட்டு, கோழிக்குப் போட்ட தீனி, மூடாத குப்பை வாளி இவற்றுக்காக ஏற்கெனவே வந்துகொண்டிருந்தது. வந்த இடத்தில் கொழுப்பையும் கண்டது. நுவரெலியாப் பக்கத்துத் தேசியப் பூங்காவான ஹோர்ட்டன் சமவெளியிலும் நடந்தது இதுதான்: பார்வையாளர்கள் போட்ட உணவுக் கழிவைத் தேடிக் காகங்கள் மேலே வந்தன, வந்தவை அந்த மலைக்கே உரிய பல்லியினங்களையும் பிடித்துத் தின்னத் தொடங்கின. சிந்திய சோறு இருக்கும்வரை எந்தக் கூண்டும் பாதி வேலைதான் செய்யும்.

காக்காவுக்குச் சோறு வைப்பது நம் வீடுகளில் விட முடியாத வழக்கம். விடவும் வேண்டாம். முன்னோருக்கென்று வைப்பதையும் சனிக்கிழமைச் சோற்றையும் குருவிக்கூண்டிலிருந்து வீட்டின் எதிர்ப்பக்கத்தில், தினமும் ஒரே மதில் மேல், ஒரே நேரத்தில் வையுங்கள். ஒரு பிடி போதும். பத்து நிமிடத்தில் தீர்ந்துபோகும் அளவே சரியான அளவு. மிஞ்சினால் எடுத்துவிட வேண்டும். இடமும் நேரமும் நிலையாக இருந்தால் காக்கா அங்கே வந்து தின்றுவிட்டுப் போகும், வீட்டைச் சுற்றி வலம் வராது.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து முற்றமானால் இது ஒரு வீட்டு வேலை இல்லை. அடுத்த காம்பராவில், அதாவது பக்கத்து வீட்டில், கோழிக்குத் தீனியை வாரி இறைத்தால் இந்தப் பக்கம் நீங்கள் செய்யும் எதுவும் நிற்காது. கோழித்தீனியை அகலத் தட்டில், காலையும் மாலையும் அளந்து வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள். தீனிச் செலவும் குறையும் என்பதால் பெரும்பாலானோர் மறுக்கமாட்டார்கள்.

கட்டி செய்யும் முறை

இறைச்சிக்கடையில் மாட்டின் அல்லது ஆட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பைக் கேளுங்கள். அதுதான் இறுகி உறையும். ஒரு கிலோவுக்கு முக்கால் கிலோவரை உருக்கிய கொழுப்பு கிடைக்கும், 10 × 10 × 4 செ.மீ. அளவில் இரண்டு கட்டிகளுக்குக் காணும்.

1. இரத்தமும் சதையும் ஒட்டியிருப்பதைச் சீவி எறிந்துவிட்டு, சுண்டுவிரல் அகலத் துண்டுகளாக வெட்டுங்கள். சதை ஒட்டினால் கட்டி சீக்கிரம் நாறும்.

2. அடி கனத்த சட்டியில் அரைக் கோப்பைத் தண்ணீரோடு போட்டு, மிகக் குறைந்த தீயில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வையுங்கள். தண்ணீர் வற்றும்வரை அடி பிடிக்காது. புகை வரவே கூடாது. தப்பித் தவறித் தீப்பற்றினால் அடுப்பை அணைத்து மூடி போட்டு மூடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள்.

3. வெள்ளைத் துணியில் வடித்து ஆறவிடுங்கள். உறைந்ததும் மறுபடி உருக்கி மறுபடி வடியுங்கள். இந்த இரண்டாம் உருக்கலைச் சோம்பலில் விடுபவர்கள் பலர். ஒருமுறை மட்டும் உருக்கியது மென்மையாக, உதிரும் தன்மையோடு இருக்கும். உதிர்ந்த தூள்தான் மைனாவைத் தரைக்கு அழைக்கிறது.

4. ஐஸ்கிரீம் டப்பா போன்ற சதுர அச்சில் 4 செ.மீ. உயரத்துக்கு ஊற்றி, ஒரு இரவு குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இரண்டாவது கட்டியைப் பொலித்தீனில் சுற்றி ஐஸ் தட்டுப் பக்கம் வைத்துக்கொள்ளலாம்.

கட்டிக்குள் வேறு தீனி எதையும் சேர்க்காமல் இருப்பதே நல்லது. பாண், சோறு, சோளம், கச்சான் சேர்த்தால் மைனாவுக்கும் ஊர்க்குருவிக்கும் விருந்து. வெறும் கொழுப்பில் ஊர்க்குருவிக்கு அவ்வளவு நாட்டமில்லை. பட்டாணிக்குருவிக்கோ அது போதும். உப்பு சேர்ந்த மாஜரின், பொரித்த எண்ணெய், கறிச்சட்டியில் மிதக்கும் கொழுப்பு எதுவும் உள்ளே போகக் கூடாது.

முதல் முறை: தலைகீழ்க் கூண்டு

மைனா மட்டும் தொல்லை என்றால் இதுவே போதும். கட்டியின் அடிப்பக்கம் மட்டும் திறந்திருக்கும், தொங்கத் தெரிந்தவன் தின்னலாம்.

தேவையானவை: 24 × 24 செ.மீ. பலகை ஒன்று, 2 செ.மீ. தடிப்பு. அதே தடிப்பில் 5 செ.மீ. உயரச் சட்டங்கள் நான்கு, இரண்டு 14 செ.மீ. நீளம், இரண்டு 10 செ.மீ. நீளம். அரை அங்குலக் கண்ணியுள்ள வெல்ட் மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) 14 × 14 செ.மீ. ஒன்றரை அங்குல ஸ்குரூ பன்னிரண்டு. 6 மி.மீ. வளைய போல்ட் ஒன்று, நட்டும் வாஷரும் சேர்த்து.

10 செ.மீ. சட்டங்களை 14 செ.மீ. சட்டங்களுக்கிடையில் வைத்து மூலைக்கு இரண்டு ஸ்குரூ வீதம் பூட்டினால் உள்ளளவு சரியாக 10 × 10 வரும். ஸ்குரூ போடும் இடத்தில் மெல்லிய துளை முன்பே இட வேண்டும், இல்லாவிட்டால் சட்டம் பிளக்கும். பலகையின் நடுவில் துளையிட்டு வளைய போல்ட்டை மேலிருந்து இறக்கி நட்டை முடுக்கிய பிறகு, சட்டத்தை அடியில் வைத்து மேலிருந்து நான்கு ஸ்குரூ போடுங்கள். சட்டம் 5 செ.மீ. உயரம், கட்டி 4 செ.மீ. உயரம். மிச்சமுள்ள ஒரு செ.மீ. நட்டுக்கான இடம். போல்ட் நுனி அதற்குமேல் நீண்டால் அரத்தால் வெட்டிவிடுங்கள்.

கட்டியை உள்ளே வைத்து வெல்ட் மெஷ்ஷை அடியில் மூடி, ஒரு பக்கம் இரண்டு கம்பி வளையத்தால் கீல் போல் கட்டுங்கள். மறுபக்கத்தைக் குறட்டால் முறுக்கிய கம்பியால் பூட்டுங்கள். கொக்கி போட்டால் காக்கா அலகால் தள்ளித் திறந்துவிடும். வெட்டிய கம்பி நுனிகள் எல்லாம் மரத்தின் பக்கம் மடங்கியிருக்க வேண்டும். குருவியின் கால் எலும்பு தீக்குச்சியைவிட மெல்லியது, ஒரு கூர்முனை போதும் அதைக் காயப்படுத்த.

மரத்துக்கு வர்ணமோ வார்னிஷோ உள்பக்கம் வேண்டாம்.

அண்டங்காக்காவும் வரும் இடத்தில் 24 செ.மீ. பலகை போதாது. பலகை மேல் நின்று கழுத்தை வளைத்து அடிப்பக்கத்தைக் கொத்தும். மேலே 50 × 50 செ.மீ. தகரம் ஒன்றை, ஓரங்களை உள்ளே மடித்து, நடுவில் கூம்பு வரும்படி லேசாக வளைத்துப் பொருத்துங்கள். வழுக்கும் தகரத்தில் காக்காவுக்குக் கால் நிற்காது, விளிம்பிலிருந்து கட்டியும் எட்டாது. மழைக்கும் அதுவே குடை.

புதுக் கூண்டை முதலிலேயே கவிழ்த்துத் தொங்கவிட்டால் குருவிகளுக்கு அது தீனி என்றே தெரியாமல் போகலாம். முதல் நாலைந்து நாள் ஒரு பக்கம் கல் கட்டிச் சரித்து, மெஷ் வெளியே தெரியும்படி விடுங்கள். ஒரு குருவி பழகினால் அதன் கூட்டம் பழகும். பிறகு நேராக்குங்கள்.

இரண்டாம் முறை: கூண்டுக்குள் கூண்டு

கூட்டமாகக் காக்கா இறங்கும் சந்தை, ஹோட்டல், குப்பைமேடு பக்கத்து வீடுகளுக்கு இதுதான் நம்பகமானது. எல்லாம் கண்ணியின் அளவில் இருக்கிறது. ஒன்றரை அங்குலக் கண்ணி, அதாவது 38 மி.மீ. பட்டாணிக்குருவி, வெள்ளைக்கண்ணி, தினைக்குருவி தாராளமாக நுழையும். மைனாவின் உடல் நுழையாது. இரண்டு அங்குலத்துக்குப் போனால் ஒல்லியான மைனா தோளை ஒடுக்கிப் புகுந்துவிடும், உள்ளே சிக்கி அடித்துக்கொள்ளும். ஒரு அங்குலத்தில் குருவிகளே தயங்கும். கடைக்காரர் கையில் கிடைத்ததைக் கொடுக்காமல் கண்ணியை அளந்து வாங்குங்கள்.

அறுகோணக் கோழிவலை வேண்டாம். மெல்லிய கம்பி, குரங்கு ஒரே இழுப்பில் கிழிக்கும், முறுக்குகளில் குருவியின் நகமும் மாட்டும். 14 அல்லது 16 கேஜ் தடிப்புக் கம்பியில் செய்த வெல்ட் மெஷ் வேண்டும்.

மூன்று அடி அகல ரோலில் நாலரை அடி வாங்கினால் ஆறு பக்கமும் வரும். செ.மீ. கணக்குப் பார்க்காமல் கண்ணிகளை எண்ணி வெட்டுங்கள்: ஒவ்வொரு துண்டும் 11 × 11 கண்ணி, ஏறக்குறைய 42 செ.மீ. சதுரம். அகலவாக்கில் இரண்டு, நீளவாக்கில் மூன்று, மொத்தம் ஆறு. ஐந்தைப் பெட்டியாக வைத்து விளிம்புகளை மூன்று கண்ணிக்கு ஒரு முடிச்சு வீதம் கல்வனைஸ் கம்பியால் கட்டுங்கள். ஆறாவது மேல்மூடி. அதை ஒரு பக்கம் கீலாகவும் மறுபக்கம் முறுக்குக் கம்பியாகவும் விடுங்கள்.

நடுவில் அரை அங்குல மெஷ்ஷில் செய்த சின்னப் பெட்டிக்குள் 10 × 10 கட்டி. அதை மேலிருந்தும் கீழிருந்தும் கம்பியால் இழுத்துக் கட்டி ஆடாமல் நிறுத்த வேண்டும். பெரிய கூண்டின் நடுவிலிருந்து சுவர்வரை 21 செ.மீ., அதில் கட்டியின் பாதி 5 செ.மீ. போக மிச்சம் 16. மைனா தலையையும் கழுத்தையும் நுழைத்தால் எட்டுவது 8, 9 செ.மீ.தான். காக்காவின் தலை கண்ணிக்குள் போகாது, அலகு மட்டும் போகும். கட்டி ஆடினால் இந்தக் கணக்கெல்லாம் வீண். காக்கா கூண்டின் மேல் குதித்துக் குலுக்கும், கட்டி சுவருக்கு அருகே ஊசலாடும்போது கொத்திக்கொள்ளும்.

மூடி மேல் ஒரு துண்டுத் தகரம் போட்டால் மழையும் எச்சமும் கட்டியில் விழாது.

தொங்கவிடும் இடமும் கம்பியும்

கயிற்றில் கட்டாதீர்கள். காக்கா மேலே கிளையில் உட்கார்ந்து, அலகால் கயிற்றை ஒரு சாண் இழுத்து, இழுத்ததைக் காலால் மிதித்துக்கொண்டு அடுத்த சாணை இழுக்கும். கூண்டு முழுதாகக் கிளைக்கு வந்துவிடும். 4 மி.மீ. விறைப்பான கம்பியை இரு முனையும் வளைத்துப் பூட்டினால் இந்த வேலை நடக்காது.

தரையிலிருந்து 2 மீட்டர் உயரம். மறைந்துகொள்ள ஒரு செடியோ வேலியோ இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில் இருக்கட்டும். அதைவிடக் கிட்ட இருந்தால் பூனை பதுங்கும். தனித்து நிற்கும் கிரவிலியா மரத்தின் உச்சியும் மின்கம்பியும் காக்காவின் காவல் மேடைகள், அவற்றின் நேர்ப்பார்வையில் வைக்க வேண்டாம். வீட்டின் தாழ்வாரக் கூரைக்கு உள்பக்கமாக வைப்பது மிக நல்லது. ஆள் நடமாடும், தலைக்கு மேல் கூரை தாழ்ந்த இடத்துக்குள் காக்கா நுழையத் தயங்கும், பட்டாணிக்குருவி தயங்காது. கண்ணாடி யன்னல் இருந்தால் அதிலிருந்து ஒரு மீட்டருக்குள் அல்லது பத்து மீட்டருக்கு அப்பால் வையுங்கள். இடைப்பட்ட தூரத்தில் வேகமெடுத்துப் பறக்கும் குருவி கண்ணாடியில் மோதிச் சாகும்.

கம்பத்தில் கிரீஸ் பூசுவது, பசைப்பொறி, நஞ்சு கலந்த சோறு, சுருக்குக் கண்ணி இவற்றில் எதையும் செய்யாதீர்கள். கிரீஸ் இறகில் பட்டால் குருவி பறக்க முடியாமல் போகும். நஞ்சுக்கு மைனா, கரிச்சான் என்ற பேதம் கிடையாது, செத்ததைத் தின்னும் நாயும் சாகும். 1937ஆம் ஆண்டின் விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நாட்டின் பெரும்பாலான காட்டுப் பறவைகளைக் காக்கிறது என்பதும் நினைவிருக்கட்டும்.

கொண்டைக்குருவிக்கு என்ன செய்வது?

இரண்டு முறைகளிலும் கொண்டைக்குருவி விடுபடும். அதற்குத் தலைகீழாகத் தொங்கப் பழக்கமில்லை. நுவரெலியா, ஹக்கலைப் பக்கம் மஞ்சள்காதுக் கொண்டைக்குருவி இருக்கிறது. உலகில் இலங்கை மலைகளில் மட்டுமே வாழும் பறவை அது, அதை விட்டுவிட மனம் வராது. அதற்குக் கொழுப்பு தேவையில்லை. தாழ்வாரத்துக்குள் ஆணியில் குத்திய பழுத்த கொய்யாப் பாதியோ வாழைப்பழத் துண்டோ போதும். பழத்துக்கும் காக்கா வருமென்பதால் ஒரு நேரத்துக்கு ஒரு துண்டுதான்.

அணில், எலி, குரங்கு

மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைப்பதில்லை, பாலூட்டிகளுக்கு உறைக்கும். ஆகவே உருக்கிய கொழுப்பு அரைக் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி மிளகாய்த்தூள் கலந்தால் அணிலும் எலியும் விலகும், காக்காவுக்கு எந்த மாற்றமும் தெரியாது. காக்காவை விரட்ட மிளகாய் தூவுகிறவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். தூளைக் கட்டியின் மேல் தூவாமல் உருகிய நிலையில் கலக்குங்கள், காற்றில் பறந்து குருவியின் கண்ணில் விழக் கூடாது. செங்குரங்குக் கூட்டம் வரத் தொடங்கினால் எந்தக் கூண்டும் தாங்காது. அன்றே இறக்கி உள்ளே வையுங்கள், கூட்டம் வேறு பக்கம் நகர்ந்து ஒரு வாரம் கழித்துத் தொங்கவிடுங்கள்.

மழைக்காலமும் கழுவலும்

ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர்வரை தென்மேற்குப் பருவமழை. பதுளை, பண்டாரவளை அடங்கிய ஊவாப் பக்கத்தில் மழை ஆண்டின் கடைசி மாதங்களில் வலுக்கும். ஈரத்தில் கொழுப்பு வெண்பூஞ்சை பிடிக்கும். அந்த மாதங்களில் பாதிக் கட்டி மட்டும் வைத்து, நாலைந்து நாளில் மாற்றுங்கள். வறண்ட நாட்களில் நுவரெலியாக் குளிரில் ஒரு வாரம்வரை நிற்கும். மூக்கருகே வைத்தால் பழைய எண்ணெய் வாடை வருகிறதா, எறியுங்கள்.

வாரம் ஒருமுறை சுடுநீரும் சவர்க்காரமும் போட்டுத் தேய்த்து, ஒரு பங்கு குளோரின் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்ததில் பத்து நிமிடம் ஊறவைத்து, அலசி, முழுதாகக் காயவிட்டு மாட்டுங்கள். அடியில் விழுந்த தூளையும் அன்றன்றே கூட்டி அள்ளிவிடுங்கள். இறகு சிலிர்த்து, கண் வீங்கி, விலகாமல் உட்கார்ந்திருக்கும் குருவியைக் கண்டால் கூண்டை இரண்டு வாரம் இறக்கிவைக்க வேண்டும். நோய் ஒரே இடத்தில் கூடித் தின்னும்போதுதான் பரவுகிறது.

சரிவராதபோது பார்க்க வேண்டியவை

தலைகீழ்க் கூண்டிலும் மைனா தின்கிறது என்றால், பக்கத்தில் கால் வைக்க ஏதோ இருக்கிறது. ஒரு கிளை, சுவர் விளிம்பு, உடுப்புக் காயப்போடும் கொடி. அரை மீட்டருக்குள் இருப்பதை வெட்டுங்கள் அல்லது கூண்டை நகர்த்துங்கள். அப்படி எதுவும் இல்லாமலே மைனா படபடத்து ஒரு கொத்துக் கொத்திவிட்டு விழுகிறதானால் விட்டுவிடலாம், அந்தச் சிரமத்துக்கு அதற்குக் கிடைக்கும் தீனி மிகக் குறைவு.

கூண்டே காணாமல் போனால் கம்பியின் மேல்முனையைப் பாருங்கள். வளைவு திறந்திருக்கும்.

எல்லாம் சரியாக இருந்தும் குருவி வரவில்லை, காக்கா மட்டும் காலை முதல் காவலிருக்கிறது என்றால் கூண்டை இறக்கிப் பத்து நாள் உள்ளே வையுங்கள். காக்காவுக்கு இடமும் முகமும் நினைவில் நிற்கும். ஆனால் பலனில்லாத இடத்தில் அது நேரத்தை வீணாக்காது. திரும்பத் தொங்கவிடும்போது வேறு மூலையில், கால் கட்டி மட்டும் வைத்து, காலை ஒன்பது மணிக்குப் பிறகு மாட்டி மாலை நான்குக்கு முன் எடுத்துவிடுங்கள். கூட்டிலிருந்து கிளம்பும்போதும் அடையப் போகும்போதும்தான் காக்காக் கூட்டம் தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கும். ஒரு வாரம் தொல்லையில்லாமல் போனால் அரைக் கட்டி, அதற்கடுத்த வாரம் முழுக் கட்டி என்று கூட்டலாம்.